அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட்: கிரேட் 3, ஹெர்-2 '2+' - எப்படிப் படிப்பது?

பூங்கொடி_ஈரோடு

வணக்கம். அம்மாவுக்கு 57 வயது, மாதவிடாய் நின்று ஏழு வருடம் ஆகிறது. இடது மார்பில் மேற்புறம் அக்குளை ஒட்டி ஒரு கட்டி. ஸ்கேனில் 2.4 செ.மீ., பைராட்ஸ் 5 (புற்றாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்) என்றார்கள். ட்ரூகட் (தடித்த ஊசி) பயாப்ஸி எடுத்து ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. ஆங்காலஜிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் அடுத்த வியாழன்தான். அதற்குள் இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் உருப்படியாக நாலு கேள்வி கேட்கலாம் என்று பார்க்கிறேன். ரிப்போர்ட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன்:

மாதிரி: 14 கேஜ் ஊசி, 5 கோர், நீளமானது 1.4 செ.மீ.
இன்வேசிவ் கார்சினோமா, நோ ஸ்பெஷல் டைப்.
நாட்டிங்ஹாம் ஸ்கோர்: ட்யூபுல் 3, நியூக்ளியர் 2, மைட்டோசிஸ் 2. கிரேட் 3.
டிசிஐஎஸ்: உண்டு, ஹை கிரேட், கொமிடோ நெக்ரோசிஸ்.
எல்விஐ: நாட் ஐடென்டிஃபைடு.
ஈஆர்: பாசிடிவ், 90%, ஸ்ட்ராங், ஆல்ரெட் 8/8.
பிஆர்: நெகடிவ், 0%, ஆல்ரெட் 0/8.
ஹெர்-2: 2+, ஈக்விவோக்கல். ஃபிஷ் செய்யவும்.
கேஐ-67: 35%.

கிரேட் 3 என்றால் மூன்றாம் ஸ்டேஜா? ஈஆர் இவ்வளவு இருக்கும்போது பிஆர் மட்டும் ஏன் பூஜ்ஜியம்? ஹெர்-2 இருக்கிறதா இல்லையா? ஃபிஷ் வர பத்து நாள் ஆகுமாம், அதுவரை காத்திருக்கலாமா? இன்னொரு விஷயம்: சனிக்கிழமை மாலை 4 மணிக்கு எடுத்த திசு, திங்கள் காலை 10 மணிக்குத்தான் லேபுக்குப் போயிருக்கிறது. அதனால் ஏதாவது கெட்டுப்போயிருக்குமா?

திசுமேசை

பூங்கொடி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் ஒரு கூட்டல் கணக்கு. 3+2+2 என்றால் 7. நாட்டிங்ஹாம் முறையில் கூட்டுத்தொகை 3 முதல் 5 வரை வந்தால் கிரேட் 1. 6, 7 வந்தால் கிரேட் 2. 8, 9 வந்தால்தான் கிரேட் 3. உங்கள் ரிப்போர்ட்டில் 7 வருகிறது, அதே வரியில் கிரேட் 3 என்றும் இருக்கிறது. ஏதோ ஒரு எண் தப்பாக விழுந்திருக்கிறது. எது என்று நாம் ஊகிக்கக் கூடாது. கிரேட் உண்மையில் 2 ஆக இருக்கலாம். அல்லது கிரேட் சரியாக இருந்து, உள்ளே ஒரு 3 மட்டும் 2 என்று அடிபட்டிருக்கலாம். ஸ்லைடைத் திரும்பப் பார்த்தால்தான் தெரியும். லேபுக்குப் போன் செய்து ரிப்போர்ட் எண்ணைச் சொல்லி, கூட்டலும் கிரேடும் பொருந்தவில்லை, பார்த்துத் திருத்திய ரிப்போர்ட் வேண்டும் என்று கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பேத்தாலஜிஸ்டிடமே பேச வேண்டும் என்று கேட்கலாம், தப்பில்லை. பேனாவால் அடித்துத் திருத்தித் தந்தால் வாங்காதீர்கள். புதுத் தேதியோடு, எது திருத்தப்பட்டது என்று எழுதிய ரிப்போர்ட்டாக வேண்டும். காப்பீட்டுக்குப் போகும்போது பேனாத் திருத்தம் தேவையில்லாத தலைவலி.

கிரேட் வேறு, ஸ்டேஜ் வேறு. ஸ்டேஜ் என்பது கட்டி எவ்வளவு பெரிது, அக்குள் நெறிக்கட்டுக்குப் போயிருக்கிறதா, உடம்பில் வேறெங்காவது போயிருக்கிறதா என்ற கணக்கு. ஊசியில் வந்த துணுக்கை மட்டும் வைத்து அதைச் சொல்லவே முடியாது. கிரேட் என்பது செல்கள் பார்க்க எப்படி இருக்கின்றன என்பது. 2018 முதல் புழக்கத்தில் இருக்கும் 8-ஆம் பதிப்பு ஏஜேசிசி (அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக் குழு) முறையில் ஸ்டேஜ் போடும்போது கிரேட், ஈஆர், பிஆர் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களின் ஏற்பிகள்), ஹெர்-2 (செல் பெருகத் தூண்டும் புரதம்) நான்கையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதனால்தான் அந்தக் கூட்டல் பிழையை விடாதீர்கள் என்கிறேன்.

அந்த மூன்று எண்களும் எங்கிருந்து வருகின்றன? மார்பில் இயல்பான பால்குழாயைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் துளை, சுற்றிலும் செல் வரிசை என்று வளையம் போலத் தெரியும். புற்றுக்கட்டி அந்தக் குழாய் வடிவத்தை எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறது என்பதுதான் ட்யூபுல் ஸ்கோர். கட்டியில் 75 சதவீதத்துக்கு மேல் குழாயாக இருந்தால் 1. 10 முதல் 75 வரை 2. 10-க்கும் கீழே போனால் 3. அம்மாவுக்கு 3, அதாவது பெரும்பாலும் குழாய் வடிவமே இல்லாமல் திட்டுத்திட்டாகவும் இழையாகவும் வளர்ந்திருக்கிறது. நியூக்ளியர் என்பது உட்கருக்களின் அளவும் வடிவமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பது. இங்கேதான் பார்ப்பவரின் கண் நுழைகிறது. ஒரே ஸ்லைடை இரண்டு பேர் 2 என்றும் 3 என்றும் சொல்வது உண்டு.

மைட்டோசிஸ் என்பது இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்களை அதிக உருப்பெருக்கத்தில் 10 புலங்களில் எண்ணுவது. இதில் மைக்ராஸ்கோப்பின் புல விட்டம் முக்கியம். 0.4 மி.மீ. விட்டப் புலத்தைவிட 0.6 மி.மீ. விட்டப் புலத்தின் பரப்பு 2.25 மடங்கு, எண்ணிக்கையும் அந்த அளவுக்குக் கூடும். அதனால் எத்தனை வந்தால் 1, எத்தனை வந்தால் 3 என்பது புல விட்டத்துக்கு ஏற்ப மாறும். ஊசித் துணுக்கில் 10 முழுப் புலம் கிடைப்பதே சில சமயம் கஷ்டம், ஆகவே மைட்டோசிஸ் குறைவாக எண்ணப்பட்டு, ஆபரேஷனுக்குப் பிறகு கிரேட் ஒரு படி ஏறுவது உண்டு. அது முதல் ரிப்போர்ட்டின் தவறு அல்ல.

மற்ற வரிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'நோ ஸ்பெஷல் டைப்' என்பது பழைய ரிப்போர்ட்டுகளில் இன்ஃபில்ட்ரேட்டிங் டக்டல் கார்சினோமா என்று இருந்ததன் இன்றைய பெயர். மார்பகப் புற்றில் மிகப் பரவலான வகை இதுதான். டிசிஐஎஸ் என்பது குழாய்ச் சுவருக்குள்ளேயே அடைபட்டிருக்கும் புற்று; கொமிடோ நெக்ரோசிஸ் என்றால் அதன் நடுவில் செல்கள் செத்துப்போயிருக்கின்றன. சுவரை உடைத்து வெளியே வந்த பகுதியும் வராத பகுதியும் ஒரே கட்டியில் சேர்ந்திருப்பது சாதாரணம், இரண்டு நோய் என்று பயப்பட வேண்டாம். ஆனால் மேமோகிராமில் சுண்ணாம்புப் புள்ளிகள் கட்டியைத் தாண்டிப் பரவியிருக்கின்றனவா என்று சர்ஜன் பார்ப்பார். கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா என்ற முடிவு அதையும் பொறுத்தது.

எல்விஐ 'நாட் ஐடென்டிஃபைடு' என்றால் இந்த ஐந்து துணுக்கில் ரத்த, நிணநீர்க் குழாய்க்குள் புற்றுச்செல் கண்ணில் படவில்லை என்று மட்டுமே பொருள். 14 கேஜ் ஊசியின் வெளிவிட்டமே சுமார் 2 மி.மீ. 'பார்த்த இடத்தில் இல்லை' என்பதை 'எங்குமே இல்லை' என்று படித்துவிடாதீர்கள்.

கொங்குத்தமிழன்

ஹெர்-2 2+ன்னா பாசிடிவ்தானே? ப்ளஸ்னு போட்டிருக்கே. ஹெர்-2-க்கான ட்ராஸ்டுசுமாப் ஊசி போடணும், வருஷம் பூரா ஓடும், இப்பவே பணத்துக்கு ஏற்பாடு பண்ணிக்கங்க.

திசுமேசை

இல்லைங்க. அந்த ப்ளஸ் குறி பண்ணும் அட்டூழியம் கொஞ்சநஞ்சமல்ல. ஹெர்-2-க்கு 0, 1+, 2+, 3+ என்று நான்கு படி. 0, 1+ இரண்டும் நெகடிவ். 3+ மட்டும் பாசிடிவ்: குழாய்ச் சுவரைத் தாண்டிய புற்றுச்செல்களில் 10 சதவீதத்துக்கு மேல், செல்லைச் சுற்றி முழு வட்டமாக, அழுத்தமான பழுப்புக் கோடு, கோழிவலை மாதிரி. வட்டம் முழுசாக இருந்து கோடு மட்டும் வெளிறி இருந்தால் அது 2+. 2+ என்பது முடிவே அல்ல, 'இந்தச் சாயத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை, மரபணுவை எண்ணிப் பார்' என்ற குறிப்பு. அந்த எண்ணிக்கைதான் ஃபிஷ். அது வரும் முன் ட்ராஸ்டுசுமாப் பற்றி முடிவெடுப்பதும் தவறு, வேண்டாம் என்று சொல்வதும் தவறு.

பூங்கொடி, உங்கள் ரிப்போர்ட்டில் ஹை கிரேட் டிசிஐஎஸ் இருக்கிறது. அந்தப் பகுதி ஹெர்-2-வில் பல சமயம் பளிச்சென்று நிறமேறும், ஆனால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சாயத்திலும் சரி, ஃபிஷ்ஷிலும் சரி, சுவர் தாண்டிய பகுதியில் மட்டும்தான் எண்ண வேண்டும். திசு பதித்த மெழுகு பிளாக் வேறு லேபுக்கு ஃபிஷ்ஷுக்குப் போகிறது என்றால், எங்கே எண்ண வேண்டும் என்று வட்டம் போட்ட ஹெச்&இ (வழக்கமான சாயமேற்றிய) ஸ்லைடையும் கூடவே அனுப்பச் சொல்லுங்கள்.

சாயப்பட்டறை

பிஆர் பூஜ்ஜியம், சனி-திங்கள் விஷயம் ரெண்டுக்கும் லேப் பக்கத்துலேருந்து பதில் சொல்றேன்.

மார்பகத் திசுவ 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின்ல குறைஞ்சது 6 மணி நேரம், கூடிப்போனா 72 மணி நேரம் ஊறவைக்கணும். சனி மாலை 4-லேருந்து திங்கள் காலை 10 வரைக்கும் 42 மணி நேரம். லேப்ல ப்ராசஸிங் ஆரம்பிக்கிற வரைக்கும் இன்னும் கொஞ்ச நேரம் சேர்த்தாலும் வரம்புக்குள்ளதான். நேரம் பிரச்சனையே இல்ல. எதுல ஊறுச்சுங்கறதுதான் கேள்வி. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள்ள ஃபார்மலின்ல விழுந்திருக்கணும், திசுவோட கன அளவுக்குப் பத்து மடங்காவது திரவம் இருக்கணும். சின்ன இடங்கள்ல வழக்கமா நடக்கற தப்பு மூணு. ஒண்ணு, 'அப்புறம் மாத்திக்கலாம்'னு சலைன்ல போட்டு வைக்கறது. உள்ளிருந்தே செரிச்சுப் போயிடும். ரெண்டு, ஸ்பிரிட்ல போடறது. மூணு, கடையில வாங்குன ஃபார்மால்டிஹைட நேர்த்து விடாம அப்படியே ஊத்தறது. அந்த பாட்டில் 37-40% இருக்கும். அதுல ஒரு பங்கு, பஃபர் உப்பு போட்ட தண்ணி ஒன்பது பங்கு சேர்த்தாதான் '10% ஃபார்மலின்'. ரிப்போர்ட்ல ஃபிக்சேஷன் டைம், ஃபிக்சேட்டிவ்னு ரெண்டு வரி இருக்கணும். இல்லேன்னா கேளுங்க.

உங்க விஷயத்துல ஒரு நல்ல அறிகுறி: ஈஆர் 90%, ஸ்ட்ராங். திசு பாழாகியிருந்தா அதுவும் விழுந்திருக்கும். அதனால திசு நல்லா இருக்குன்னுதான் தோணுது. ஆனா பிஆர் ஆன்டிபாடி தனி, அன்னிக்கு அது மட்டும் சரியா வேலை செய்யாமப் போகவும் வாய்ப்பு உண்டு. அதைப் பிடிக்கறதுக்குத்தான் இன்டர்னல் கண்ட்ரோல். அதே துணுக்குல ஓரமா நோய் இல்லாத பால்குழாய் கொஞ்சம் இருந்தா, அதுல அங்கங்க சில செல்லாவது பிஆர்ல நிறமேறணும். அது ஏறி, புற்றுச்செல் ஏறலேன்னா பூஜ்ஜியம் உண்மையான பூஜ்ஜியம். அதுவும் ஏறலேன்னா டெஸ்ட்டே செல்லாது, திரும்பப் போடணும். நல்ல குழாயே துணுக்குல இல்லேன்னா, கூட வெச்சு ஓட்டுன எக்ஸ்டர்னல் கண்ட்ரோல் எப்படி வந்துச்சுன்னு பாத்து, ஆபரேஷன் திசுல மறுபடி போட்டுப் பாப்பாங்க. லேபுக்கு போன் பண்றப்ப இதையும் சேர்த்துக் கேட்டுடுங்க.

ஈஆர் இருந்து பிஆர் இல்லாம வர்றது அடிக்கடி பாக்கறதுதான். தலைகீழா ஈஆர் 0, பிஆர் மட்டும் பாசிடிவ்னு வந்தாதான் முதல்ல டெஸ்ட்டச் சந்தேகப்படணும்.

ஆல்ரெட் பத்தி ஒரு வரி. எத்தனை செல்லுங்கறதுக்கு 0-லேருந்து 5, எவ்வளவு அழுத்தம்ங்கறதுக்கு 0-லேருந்து 3. 90% செல்லுங்கறது மூணுல ரெண்டு பங்குக்கு மேல, அதனால 5, ஸ்ட்ராங்னா 3, மொத்தம் 8. இந்தக் கணக்கு உங்க ரிப்போர்ட்ல சரியா இருக்கு. வேற லேப்ல ஹெச்-ஸ்கோர்னு 300-க்குப் போடுவாங்க, அதோட இதை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

பூங்கொடி_ஈரோடு

மிக்க நன்றி டாக்டர், நன்றி சாயப்பட்டறை. லேபில் பேசிவிட்டேன், ஸ்லைடைத் திரும்பப் பார்ப்பதாகச் சொன்னார்கள். பிளாக்கை நானே வாங்கி ஃபிஷ்ஷுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்கிறார்கள். அதில் கவனிக்க ஏதாவது உண்டா? கேஐ-67 பற்றியும் யாராவது சொல்லுங்கள். பக்கத்து வீட்டில், ஊசி குத்தினதால் பரவிடும், சீக்கிரம் ஆபரேஷன் பண்ணுங்கள் என்று அம்மாவைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள்.

கீமோ_வார்டு_சிஸ்டர்

பூங்கொடிம்மா, ஊசி குத்தினால் பரவும் என்ற பேச்சை அம்மா காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி போகும் வழியில் ஒன்றிரண்டு செல் இடம்பெயர்வது உண்டு, அதனால் நோய் முற்றிவிடும் என்பது இல்லை. பயாப்ஸி பார்க்காமல் நேராக ஆபரேஷன் செய்வதுதான் நஷ்டம். எந்த மருந்து முதலில் என்பதே இந்தத் துணுக்கை வைத்துத்தான். பத்து நாள் காத்திருப்பதால் ஒன்றும் கெடாது. அந்த நாட்களைச் சும்மா விடாதீர்கள். இரண்டு மார்புக்கும் மேமோகிராம், அக்குள் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, எக்கோ இவற்றை முடித்து வைத்தால் ஃபிஷ் வரும் அன்றே பேச்சு முடிவுக்கு வரும். சில கீமோ மருந்தும் ட்ராஸ்டுசுமாப்பும் இதயத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், எக்கோ அதற்கு.

பிளாக் என்பது மெழுகுக் கட்டி. மெழுகு 56-60 டிகிரியில் உருகும். வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டில், பைக் டேங்க் கவரில் வைக்கக் கூடாது. பஞ்சில் சுற்றிச் சின்ன டப்பாவில் போட்டு கைப்பையில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் தேவையில்லை. ஸ்லைடுகளுக்கு லேபிலேயே பிளாஸ்டிக் பெட்டி தருவார்கள். எத்தனை பிளாக், எத்தனை ஸ்லைடு, என்ன எண் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக்காகவே கொடுப்பது நல்லது; முன்னாடியே வெட்டி வைத்த ஸ்லைடு ஆறு வாரத்துக்கு மேல் பழசாகிவிட்டால் இந்த டெஸ்ட்டுகளுக்கு எடுக்க மாட்டார்கள். மும்பை டாடா மெமோரியல் மாதிரி பெரிய இடத்துக்குப் போனாலும் வெளி ஸ்லைடை அவர்கள் பேத்தாலஜியில் மறுபடி பார்ப்பார்கள், ஆகவே எதையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ரிப்போர்ட்டில் அம்மா பெயரும் இனிஷியலும் ஆதாரிலும் காப்பீட்டு அட்டையிலும் இருப்பது போலவே இருக்கிறதா பாருங்கள். 'லட்சுமி', 'லக்ஷ்மி' வித்தியாசத்தில் அனுமதி தள்ளிப்போகும். எப்படியும் திருத்திய ரிப்போர்ட் வரப்போகிறது, இதையும் அதோடு சரிசெய்துவிடலாம்.

டாக்டரிடம் கேட்க முக்கியமான ஒன்று: கீமோ முதலிலா, ஆபரேஷன் முதலிலா? கீமோ முதலில் என்றால் அதற்கு முன் கட்டிக்குள் சின்ன உலோக கிளிப் வைக்க வேண்டும். கட்டி கரைந்து போனால் எங்கே இருந்தது என்று சர்ஜனுக்கு வழிகாட்ட வேறு அடையாளம் இருக்காது. அக்குள் ஸ்கேனில் நெறிக்கட்டு சந்தேகமாக இருந்தால் அதிலும் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும், அதற்கும் கிளிப் உண்டா என்று கேளுங்கள்.

கேஐ-67 என்பது எத்தனை சதவீத செல்கள் பெருக்கச் சுழற்சியில் இருக்கின்றன என்ற கணக்கு. 5-ம் அதற்குக் கீழும் என்றால் குறைவு, 30-ம் அதற்கு மேலும் என்றால் அதிகம் என்பது வரை நம்பலாம். நடுவில் வருவது லேபுக்கு லேப் மாறும். அம்மாவுக்கு 35.

பூங்கொடி_ஈரோடு

இரண்டும் வந்துவிட்டது. திருத்திய ரிப்போர்ட்: ட்யூபுல் 3, நியூக்ளியர் 3, மைட்டோசிஸ் 2, மொத்தம் 8, கிரேட் 3. பிஆர்-க்கு இன்டர்னல் கண்ட்ரோல் பாசிடிவ் என்றும் சேர்த்திருக்கிறார்கள். ஃபிஷ்: 20 செல், ஹெர்-2 சிக்னல் 62, செப்-17 சிக்னல் 44, ரேஷியோ 1.41, நாட் ஆம்ப்ளிஃபைடு.

திசுமேசை

அப்போது கிரேட் சரி, உள்ளே இருந்த எண்தான் தப்பு. பிஆர் பூஜ்ஜியமும் உண்மையான பூஜ்ஜியம்.

ஃபிஷ்ஷை நாமும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். 17-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஹெர்-2 மரபணு ஒரு நிறப் புள்ளி, அதே குரோமோசோமின் நடுப்பகுதி (செப்-17) இன்னொரு நிறப் புள்ளி. பெரும்பாலும் சிவப்பும் பச்சையும். 62-ஐ 20 ஆல் வகுத்தால் செல்லுக்கு 3.1, 44-ஐ வகுத்தால் 2.2, 3.1-ஐ 2.2 ஆல் வகுத்தால் 1.41. ரேஷியோ 2-க்கும் கீழே, ஹெர்-2 சராசரி 4-க்கும் கீழே. இரண்டுமே கீழே என்பதால் இழுபறி இல்லாத நெகடிவ். ரேஷியோ 2-க்குக் கீழே இருந்து சராசரி மட்டும் 4-க்கு மேல் போயிருந்தால் இன்னொருவர் மறுபடி எண்ணியிருக்க வேண்டும். இங்கே அந்தத் தேவை இல்லை. ட்ராஸ்டுசுமாப் இப்போது கணக்கில் வராது.

'2+, ஃபிஷ் நெகடிவ்' என்பதை இப்போது ஹெர்-2 லோ என்று தனியாகச் சொல்கிறார்கள். ட்ராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்ற மருந்து 2022-லிருந்து இந்த வகைக்கும் கொடுக்கப்படுகிறது, ஆனால் நோய் வேறு உறுப்புக்குப் பரவியவர்களுக்கு. அம்மாவுக்கு இன்றைக்கு அது தேவைப்படும் நிலை என்று இந்த ரிப்போர்ட் சொல்லவில்லை. சாயத்தில் 2+ என்று இருந்த அந்தப் பழைய தாளைத் தூக்கிப்போடாமல் ஃபைலில் வையுங்கள், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை டாக்டர் 'லூமினல் பி' என்ற சொல்லைப் பயன்படுத்தலாம்: ஈஆர் பாசிடிவ், ஹெர்-2 நெகடிவ், ஆனால் கிரேடும் கேஐ-67-உம் அதிகம். ஈஆர் 8/8 என்பதால் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாதிரி ஹார்மோன் மாத்திரை ஏதோ ஒரு கட்டத்தில் நிச்சயம் பேச்சில் வரும். அதற்கு முன் கீமோ வேண்டுமா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. அக்குள் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து, 21 மரபணு டெஸ்ட் (கீமோவால் பலன் இருக்குமா என்று கணிப்பது) அம்மாவுக்குப் பயன்படுமா என்றும் கேளுங்கள். விலை அதிகம், கிரேட் 3-க்கு எல்லா டாக்டரும் சொல்ல மாட்டார்கள்.

கீமோ முதலில் என்று முடிவானால் ஆபரேஷன் திசுவில் புற்றே மிஞ்சாமல் போகலாம். அப்போது இந்த ஐந்து துணுக்கு மட்டும்தான் சாட்சி. ஆகவே ஃபிஷ் லேபிலிருந்து பிளாக்கைத் திரும்ப வாங்குங்கள். வாங்கும்போது அதன் ஓரத்தில் எழுதியிருக்கும் எண்ணும் திருத்திய ரிப்போர்ட்டின் எண்ணும் ஒன்றா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.